முதியோருக்கும் தடுப்பூசி உண்டு

புதன்கிழமை காலையில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். பிறந்த சில வாரங்களே ஆன குழந்தைகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் பலர் பாட்டிமார். மகளோ மருமகளோ வேலைக்குச் சென்றிருப்பார். குழந்தையின் அட்டை பாட்டியின் கையில் இருக்கும். ஒன்றரை மாதத்தில் எந்த ஊசி, ஒன்பதாம் மாதம் முடிந்ததும் எந்த ஊசி, அன்று இரவு காய்ச்சல் வந்தால் எத்தனை சொட்டு மருந்து என்று அவர்களைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். அதே பாட்டியிடம், "உங்களுக்கு எப்போது ஊசி போட்டுக்கொண்டீர்கள், அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்களுக்கா? இந்த வயசுல எங்களுக்கு எதுக்குங்க ஊசி?" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

சென்ற மழைக்காலத்தில், குப்பனூரிலிருந்து ஏற்காடு மலைக்கு ஏறும் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். எழுபது வயதைக் கடந்தவர். காப்பித் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்தவர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். மூன்று நாள் காய்ச்சல், நெஞ்சுச் சளி, மூச்சு வாங்குதல். மலையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்திருந்த நாட்கள் அவை. குளிரால் வந்த சளி என்று கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் அவர் பேச்சில் குழப்பம் தென்பட்ட பிறகே கீழே இறக்கினார்கள். ஊடுகதிர்ப் படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுவதும் வெண்மையாக இருந்தது. நிமோனியா. ஆக்சிஜன், நரம்பு வழி மருந்துகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் என்று பதினோரு நாட்களுக்குப் பின்னர் வீடு திரும்பினார். பிழைத்துக்கொண்டார், ஆனால் முன்புபோல் மலைச்சரிவில் ஏறி இறங்க அவரால் இப்போது இயலவில்லை.

அவர் வீடு திரும்பும் நாளில் மகள் என்னிடம் கேட்டார்: "இதுக்குத் தடுப்பூசி இருக்குன்னு இப்பத்தான் நர்ஸம்மா சொன்னாங்க. மாசம் தவறாம சர்க்கரை மாத்திரைக்கு வர்றோம். இதுவரைக்கும் யாருமே சொல்லலீங்களே, டாக்டர்?"

நான் பதில் சொல்லத் தயங்கினேன். அதற்கு முந்தைய ஓராண்டில் அந்தப் பெரியவரைப் புறநோயாளிப் பிரிவில் நானே இருமுறை பார்த்திருந்தேன். சர்க்கரை அளவைப் பார்த்தேன், கால்களைப் பார்த்தேன், மாத்திரையை மாற்றி எழுதினேன். தடுப்பூசி பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள் என்பது காரணமாகலாம், அது விடையாகாது.

அறிந்தவையும் அறியாதவையும்

நம் முதியோர் தடுப்பூசியை அறியாதவர்கள் அல்லர். ஒரு வகையில் இளையோரைவிட நன்கு அறிந்தவர்கள். அறுபது வயதைக் கடந்தவரின் மேற்கையையோ முன்கையையோ பாருங்கள். வட்டமான தழும்பு இருக்கும். அம்மை குத்திய தழும்பு அது. சென்னை கிண்டியில் 1899ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிங் நிறுவனத்திலிருந்து வந்த அம்மைப்பால் தமிழகத்தின் ஊர்களுக்கெல்லாம் சென்றது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டது 1975 மே மாதத்தில். பெரியம்மையில் கண்ணை இழந்தவரை, முகம் முழுவதும் வடு விழுந்தவரை நேரில் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. அந்நோய் இன்று இல்லாமற் போனதற்குத் தங்கள் கைத்தழும்பே சாட்சி என்பதை அவர்களில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

இன்னொரு நினைவும் உண்டு. அது அச்சத்தின் நினைவு. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது அக்காலத்துச் சொல்வழக்கு. ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட பழைய வெறிநாய்க்கடி மருந்து அது. அதன் வலியும் பக்கவிளைவுகளும் உண்மையானவை. 2004ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா அதைக் கைவிட்டுவிட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் கையில் போடப்படும் சிறிய ஊசி, நான்கு வருகை, அவ்வளவே. ஆயினும் "ஊசி" என்ற சொல்லைக் கேட்டவுடன் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் முதியவரை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. அவர் அறிந்திருப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவத்தை.

பிறகு கோவிட் வந்தது. 2021 மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தோருக்குத் தடுப்பூசி தொடங்கியது. முதியோர் தங்களுக்கென்று ஒரு தடுப்பூசியை நாடு முழுவதும் வரிசையில் நின்று பெற்றது அதுவே முதல்முறை எனலாம். அந்த ஆண்டு ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் காலமானார். ஊசியால்தான் என்று ஊரெங்கும் பேச்சு. ஒன்றிய அரசின் வல்லுநர் குழு ஆராய்ந்து, அந்த இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று பின்னர் அறிவித்தது. அந்த அறிவிப்பு, வதந்தி சென்ற வேகத்தில் மலையேறவில்லை. அதே ஆண்டில் தமிழகக் காவல்துறையினர் 1,17,524 பேரிடம் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு, இரண்டு தவணை போட்டுக்கொண்டவர்களிடம் கோவிட் இறப்பு 95 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. இதையும் நாம் போதிய அளவு சொல்லவில்லை.

கோவிட் தவிர மற்றத் தடுப்பூசிகளின் நிலை என்ன? மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18இல் 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரிடம் நாடு தழுவிய முதுமை ஆய்வை நடத்தியது. அதில் 60 வயதைக் கடந்தவர்களுள் ஃபுளூ, நிமோனியா, மஞ்சள் காமாலை பி வகை, டைஃபாய்டு ஆகியவற்றின் தடுப்பூசிகளுள் எதையும் போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேரை எட்டவில்லை. நிமோனியா தடுப்பூசிக்கு அது நூற்றுக்கு ஒருவரைக்கூட எட்டவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். கூட்டுக் குடும்பமாக வாழும் வீடுகளில் குழந்தையின் ஊசி அட்டை பீரோவில் பத்திரமாக இருக்க, பெரியவருக்கு அட்டையே இல்லாத நிலை இது.

எவை, யாருக்கு, ஏன்?

வயது ஏற ஏற நம் உடலின் நோய் எதிர்ப்பாற்றலும் மூப்படைகிறது. சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, பல்லாண்டுப் புகைப்பழக்கம், விறகடுப்புப் புகை ஆகியவை அதை மேலும் தளர்த்துகின்றன. இளைஞருக்கு மூன்று நாள் காய்ச்சலாகக் கழிவது முதியவரைப் படுக்கையில் தள்ளிவிடுகிறது.

முதலாவது ஃபுளூ காய்ச்சல். இதைச் சாதாரணச் சளி என்று எண்ணுவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஃபுளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்ந்திருந்தது. எனவே இதய நோயாளிகளுக்கு இந்த ஊசி நெஞ்சுக்கான பாதுகாப்பும் ஆகும். இந்த வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால் ஊசியையும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். எப்போது போடுவது என்பதில் நம் ஊருக்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. வட இந்திய நகரங்கள் பலவற்றில் ஃபுளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை பெருகுகிறது. சென்னை, வேலூர் ஆகிய இடங்களில் அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு பெருகுவதாகக் கண்டறிந்துள்ளனர். ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே மழை தொடங்குமுன், செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது நம் பகுதிக்குப் பொருந்தும்.

இரண்டாவது, மேற்சொன்ன பெரியவரைத் தாக்கியது போன்ற நிமோனியா. இதற்குப் பல கிருமிகள் காரணமாயினும், முதியோரிடம் முதன்மையானது நியுமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. நெதர்லாந்தில் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 85,000 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியாயிற்று. தடுப்பூசியில் அடங்கிய நியுமோகாக்கஸ் வகைகளால் வரும் நிமோனியா அதில் 45 விழுக்காடு குறைந்தது. இரத்தத்தில் பரவும் கொடிய வடிவம் 75 விழுக்காடு குறைந்தது. எல்லா நிமோனியாவையும் இந்த ஊசி தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தடுப்பது ஒரு பகுதியை. ஆனால் உயிரைப் பறிக்கும் பகுதியை. கிடைக்கும் தடுப்பூசியின் வகையைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு ஊசி போதும், ஆண்டுதோறும் தேவையில்லை.

மூன்றாவது அக்கி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் மருத்துவமனையைவிட ஊர்வழக்கு முந்திக்கொள்கிறது. உடலின் ஒரு பக்கத்தில், நெஞ்சிலோ இடுப்பிலோ நெற்றியிலோ, பட்டையாகக் கொப்புளம் எழும்பினால் குயவரிடம் சென்று காவியால் "அக்கி எழுதுவது" நம் பகுதியில் இன்றும் உண்டு. எழுதியபின் சில வாரங்களில் கொப்புளம் வாடிவிடுகிறது. எழுதாவிட்டாலும் அது இரண்டு முதல் நான்கு வாரங்களில் வாடக்கூடியதே. பெருமை மட்டும் காவிக்குச் சேர்ந்துவிடுகிறது. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சில் பல பத்தாண்டுகள் உறங்கி, எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்தெழுவதே அக்கி. கொப்புளம் போனபின் முதியோர் பலருக்கு நரம்பு வலி மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. சட்டை உரசினாலும் தீப்பட்டதுபோல் எரிகிறது என்று அழுத மூதாட்டியை நான் அறிவேன். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் பயன் மிகுதி. காவி எழுதுவது உங்கள் விருப்பம். ஆனால் அதற்குமுன் மருத்துவரிடம் வாருங்கள். கண்ணருகே வந்தால் அன்றே வாருங்கள். 50 வயதைக் கடந்தோருக்கு இதற்கான தடுப்பூசி இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு தவணை, இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். பயன் 70 வயதைக் கடந்தோரிடமும் 90 விழுக்காட்டை ஒட்டியது. விலை பல ஆயிரம் ரூபாய் என்பதை மறைப்பதற்கில்லை.

நான்காவது ரணஜன்னி. மிளகுக் கொடி ஏறுவோர், கவாத்துக் கத்தி பிடிப்போர், மாட்டுத்தொழுவத்தில் வெறுங்காலோடு நடப்போர் நிறைந்த நம் பகுதியில் இது மறக்கக்கூடாதது. குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் 1978இல்தான் தொடங்கிற்று. அதற்கு முன் பிறந்தவர்களுள் பெரும்பாலோருக்குக் குழந்தைப்பருவத் தவணைகள் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. பெண்களுக்கேனும் கர்ப்ப காலத்தில் ஒன்றிரண்டு ஊசி போட்டிருப்பார்கள். ஆண்களுக்கு அடிபட்டபோது போட்டதே கணக்கு. அடிபட்டவுடன் ஓடிவந்து ஒரு ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஒருபோதும் போடாதவருக்கு மூன்று தவணை தேவை. அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை.

"திருப்திதானுங்க"

தடுப்பூசி போட்டுக்கொண்ட முதியோரிடம், சேவை எப்படி இருந்தது என்று கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "எல்லாம் திருப்திதானுங்க." கருத்துப் படிவங்களில் இந்த விடையைப் படித்து மகிழ்ந்த காலம் எனக்கும் உண்டு. இப்போது அப்படி மகிழ்வதில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்லாத பண்பாடு நம்முடையது. ஊசி போட்ட செவிலியர் அருகில் நிற்கும்போது எந்தப் பாட்டி குறை சொல்வார்? எதிர்பார்ப்பே இல்லாதவரிடம் திருப்தி எளிதில் கிடைத்துவிடும் என்பது இன்னொரு காரணம். இந்த ஊசி எந்த நோய்க்கு என்று தெரியாமலே முழுத் திருப்தி தெரிவித்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்கத் தொடங்கினேன். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? உட்கார இடம் இருந்ததா? என்ன ஊசி என்று சொன்னார்களா? வலிக்கும் என்று முன்பே சொன்னார்களா? அடுத்த தவணை எப்போது? அப்போது உண்மை வரத் தொடங்கியது. மலையிலிருந்து காலை முதல் பேருந்தில் இறங்கினால்தான் மாலைப் பேருந்தைப் பிடிக்க முடியும் என்றார் ஒருவர். காத்திருக்கும் இடத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்கக் கூசி, வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் வந்ததாகச் சொன்னார் ஒரு மூதாட்டி. இரத்தக் கொதிப்பு மாத்திரையை அன்று போடலாமா கூடாதா என்று தெரியாமல் விட்டுவிட்டவர்கள் பலர். ஊசி போட்ட இரவில் காய்ச்சல் வந்ததும் பயந்து, இரண்டாம் தவணைக்கு வராமலே நின்றுவிட்டவர்கள் சிலர். காய்ச்சல் வரக்கூடும் என்று ஒரு வாக்கியம் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவர்கள் வந்திருப்பார்கள்.

இவற்றுள் பணம் செலவழித்துத் தீர்க்கவேண்டிய குறைகள் மிகச் சில. நிழலில் நான்கு நாற்காலி, பெரிய எழுத்தில் ஓர் அட்டை, இரண்டு நிமிடப் பேச்சு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடிச் செல்கின்றன. மாத்திரை கொடுக்க வாசலுக்கு வருபவரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்க நீங்களும் தயங்க வேண்டாம். கேள்வி வாசலில் எழுந்தால், விடை சொல்ல எங்களைப் போன்றோர் ஆயத்தமாவோம்.

குடும்பத்தாருக்குச் சில குறிப்புகள்

அடுத்த முறை பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்து வரும்போது, எழுந்து செல்லும் முன், "அப்பாவுக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி இருக்கிறது?" என்று கேளுங்கள். எதிரில் நான் இருந்தாலும் கேளுங்கள், மறந்திருக்கக்கூடும். வழக்கமான மாத்திரைகள் எதையும் ஊசிக்காக நிறுத்த வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராயின் அதைச் செவிலியரிடம் முன்பே சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். கடுமையான காய்ச்சல் உள்ள நாளில் தள்ளிப்போடலாம். இலேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முன்பு ஏதேனும் ஊசிக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மறைக்காதீர்கள். ஃபுளூ ஊசியையும் நிமோனியா ஊசியையும் ஒரே நாளில் இரு கைகளிலும் போட்டுக்கொள்ளலாம். மலையிலிருந்து வருவோருக்கு ஒரு பயணம் மிச்சம். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருங்கள். கை வலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் வரலாம், பாராசிட்டமால் போதும். மூச்சுத்திணறல், முகவீக்கம், உடலெங்கும் தடிப்பு என்றால் உடனே 108ஐ அழையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் போட வேண்டும் என்பதில்லை. கையில் பணம் குறைவென்றால் எது முதலில் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். சர்க்கரையோ இதய நோயோ உள்ளவருக்கு நான் ஃபுளூவையும் நிமோனியாவையும் முதலில் வைப்பேன். ரணஜன்னி ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுப் பெறலாம்.

நிமோனியாவிலிருந்து மீண்ட அந்தப் பெரியவர் இரண்டு மாதம் கழித்து மகளோடு வந்தார். முதல் ஊசியைப் போட்டுவிட்டு, அவருக்கென்று ஓர் அட்டை எழுதிக் கொடுத்தோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த தவணைக்கு நாள் குறிக்கும்போது, "புதன்கிழமை மட்டும் வேண்டாங்க, டாக்டர். அன்னைக்குப் பேரப்பிள்ளைக வரிசை. எங்களுக்கு உக்கார எடம் இருக்காது" என்றார். வியாழக்கிழமை என்று எழுதினேன்.